பேசும் கைக்கு ஒரு மறைப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் பந்தை எடுப்பதற்கு முன்னால் வீரர்கள் தலையோடு தலை முட்டுகிற மாதிரி வட்டமாகக் குனிந்து பேசுகிறார்களே, அந்த ஹடில் வாஷிங்டனில் உள்ள கேலடெட் என்ற காது கேளாதோர் கல்லூரியில் பிறந்தது என்று. ஆபீஸில் இதைச் சொன்னால், கூட வேலை செய்பவர் "இதெல்லாம் வாட்ஸப் கதை" என்று சிரிக்கிறார். எனக்குமே ஒரு இடம் இடிக்கிறது. சைகை மொழி எதிரணிக்குத் தெரியப்போவதில்லை. அப்புறம் எதற்காக மறைத்துப் பேச வேண்டும்?

இன்னொன்று. அந்த அணி மைதான ஓரத்தில் பெரிய டிரம் வைத்து, அதை அடித்து அடித்து ஆடியதாக எங்கோ படித்தேன். காது கேட்காதவருக்கு எதற்கு டிரம்? செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நாம் சும்மாவா சொல்கிறோம்?

சேகர்

அன்புள்ள சேகர்,

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்தக் கதையைச் சொல்கிற பலரும் "பாவம், காது கேட்காதவர்கள், அதனால் கூடி நின்று பேசினார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்ட கேள்வியை அவர்கள் கேட்டுக்கொள்வதே இல்லை. காது கேட்கும் அணியோடு ஆடும்போது கேலடெட் பையன்களுக்கு மறைக்க ஒன்றுமே கிடையாது. நடு மைதானத்தில் நின்று கையை வீசி வீசித் திட்டம் போடலாம், எதிரே நிற்பவன் பேந்தப் பேந்த விழிப்பான். மறைக்க வேண்டி வந்தது, எதிரணியும் காது கேளாதோர் அணியாக இருந்தபோதுதான். அமெரிக்காவின் மற்ற காது கேளாதோர் பள்ளிகளிலும் ஃபுட்பால் அணிகள் இருந்தன, அவர்களோடும் கேலடெட் மோதியது. அங்கே எதிரே நிற்கிற பதினொரு பேருக்கும் அதே மொழி தெரியும்.

ஆட்டம் எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. இந்த விளையாட்டு ஓடிக்கொண்டே இருப்பதில்லை. ஒரு மோதல், ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு மோதல். 1890களில் முன்பக்கமாகப் பந்தை எறியவே அனுமதி கிடையாது (அது 1906இல் வந்தது), எல்லாமே முட்டிமோதித் தள்ளிக்கொண்டு ஓடுவதுதான். அடுத்து பந்து யார் கைக்கு, எந்தப் பக்கம் என்பதை ஆட்டத்தை நடத்துகிற வீரரான குவாட்டர்பேக் சொல்ல வேண்டும். அன்றைக்கு இரண்டு அணிகளும் வரிசையாக நின்ற பிறகு, எதிரி காதுபடவே எண்களைக் குறியீடாக வைத்துக் கத்துவார்கள். கேலடெட்டில் கத்த முடியாது, குவாட்டர்பேக் கையால் சொல்வார்.

கை பேசுவது எவ்வளவு தூரம் போகும் என்று நமக்குச் சட்டென்று தோன்றாது. ஒருமுறை ரயில் நிலையத்தில், நடுவில் மூன்று தண்டவாளம் இருக்க, எதிரெதிர் பிளாட்பாரத்தில் நின்றபடி இரண்டு இளைஞர்கள் சைகையில் பேசிக்கொண்டதைப் பார்த்தேன். என் பக்கத்தில் ஒருவர் போனில் "ஹலோ, ஹலோ, கேக்கல" என்று தொண்டை வரள அலறிக்கொண்டிருந்தார். அந்த இருவருக்கும் ஒரு சிரமமும் இல்லை, நடுவில் எக்ஸ்பிரஸ் ஒன்று வந்ததும் கை அப்படியே பாதி வாக்கியத்தில் நின்றது, வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் அவர்கள் பேசியதை மொழி தெரிந்த எவனும் அந்தக் கோடியில் நின்றே படித்திருப்பான் என்பதையும் பாருங்கள். சைகைக்குக் கிசுகிசுப்பு கஷ்டம்.

1894இல் கேலடெட்டின் குவாட்டர்பேக் பால் ஹப்பர்ட். பிடி கொடுக்காமல் நழுவுவார் என்பதால் 'விலாங்கு' என்று பட்டப்பெயர். எதிரணி தன் கையைப் படித்துவிடுகிறது என்று தெரிந்ததும் தன் ஆட்களைச் சுற்றிலும் வட்டமாக நிறுத்தினார். முதுகுகள் வெளியே, கை உள்ளே. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. கிரிக்கெட்டில் பௌலரும் கீப்பரும் கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவதைப் பார்க்கிறோமே, அதே யோசனை, ஆனால் மறைக்கிற பொருள் வேறு.

நண்பரின் சந்தேகத்துக்கு வருகிறேன். ஹடிலுக்கு உரிமை கொண்டாட வேறு ஆட்களும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஸ்டாகின் பெயரைச் சொல்வார்கள், 1921இல் இல்லினாய் அணியில் அதை வழக்கமாக்கிய ஸப்கேயின் பெயரைச் சொல்வார்கள். பெரிய கூட்டத்துக்கு முன்னால் அதைப் பரப்பியது ஸப்கே என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஹப்பர்ட் படிப்பு முடிந்து கான்ஸஸ் மாநிலத்தில் ஒலேத்தா என்ற ஊரின் காது கேளாதோர் பள்ளிக்கு ஆசிரியராகப் போய், அங்கேயும் ஃபுட்பாலை வளர்த்து, இந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார். என் கணக்கில் கேலடெட் பக்கம்தான் தட்டு தாழ்கிறது. அதைவிட முக்கியமாக, காரணம் பொருந்துகிறது. கத்திப் பேசுகிற அணிக்குக் குறியீட்டை மாற்றிக்கொண்டால் போதும். கையால் பேசுகிறவனுக்குத்தான் சுவர் தேவை.

இதற்குப் பின்னால் இன்னொரு சங்கதி இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிசாகப் படுகிறது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு நடந்தது. 164 பிரதிநிதிகள். அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர், ஜேம்ஸ் டெனிசன், கேலடெட் வளாகத்திலேயே இருக்கிற கெண்டல் பள்ளியின் தலைமை ஆசிரியர். சைகை வேண்டாம், உதட்டைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுங்கள் என்று மாநாடு தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளி பள்ளியாகக் கையைக் கட்டிப்போட்டார்கள். அந்தத் தீர்மானத்தை எதிர்த்தவர்களில் ஒருவர் எட்வர்ட் மைனர் கேலடெட், 1864இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற அந்தச் சின்னக் கல்லூரியின் தலைவர். கல்லூரியில் சைகை தொடர்ந்தது. 1883இல் ஃபுட்பால் அணியும் வந்துவிட்டது. ஒழிக்க வேண்டிய மொழி என்று உலகம் முடிவுகட்டி 14 வருஷம் கழித்து, அந்த மொழியை எதிரணி படித்துத் தொலைக்கிறதே என்று ஒரு பையன் கவலைப்படுகிறான். அந்த மொழியை வைத்துச் சூது செய்கிற அளவுக்கு அதைப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்று அர்த்தம். இதைப் போய்ப் பாவப்பட்டவர்கள் கதையாக்குவதில் எனக்கு எரிச்சல்.

(அதே 1894இல்தான் கல்லூரிக்கு கேலடெட் என்ற பெயர் வந்தது, எட்வர்டின் அப்பா தாமஸ் கேலடெட்டின் நினைவாக. அதுவரை இருந்த பெயரில் 'ஊமையர்' என்ற பொருள்படும் சொல் இருந்தது. நீங்கள் சொன்ன பழமொழிக்குப் பிறகு வருகிறேன்.)

அணியின் மற்ற வரலாறு ஏற்ற இறக்கம்தான். மொத்தமே ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பேர் படிக்கிற இடம், எப்போதும் ஜெயிக்க முடியாது. 1990களில் கல்லூரிகளுக்கிடையே ஆடுகிற அந்தஸ்தை விட்டுவிட்டு வெறும் கிளப் அணியாக இறங்கினார்கள். 2005இல் கிளப் அணியாகவே ஒன்பது ஆட்டத்திலும் வென்று, 2007இல் கல்லூரிப் போட்டிகளின் மூன்றாம் பிரிவுக்குத் திரும்பி, 2013இல் முதல்முறையாகத் தேசிய பிளே ஆஃப் வரை போனார்கள். முதல் சுற்றிலேயே ஹோபார்ட் கல்லூரியிடம் தோற்றது வேறு விஷயம். 1988இல் காது கேட்கும் ஒருவரையே மறுபடியும் தலைவராக்கியதை எதிர்த்து மாணவர்கள் ஒரு வாரம் வளாகத்தையே இழுத்து மூடி, கிங் ஜோர்டானை முதல் காது கேளாத தலைவராக உட்காரவைத்தார்கள் அல்லவா, அதற்கு முன்னோடியான மார்ச் 1 பேரணி தொடங்கிய இடமும் அந்த ஃபுட்பால் மைதானம்தான்.

அப்புறம் ஹெல்மெட். 1994இல், ஹப்பர்டின் வட்டத்துக்கு மிகச்சரியாக நூறு வருஷம் கழித்து, தொழில்முறை லீக்கான என்எஃப்எல் பயிற்சியாளர் பேசுவது கேட்கிற மாதிரி குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்தது. கேலடெட்டுக்கு அதனால் என்ன பயன்? 2023 அக்டோபரில் ஏடிஅண்ட்டி தொலைபேசி நிறுவனத்தோடு சேர்ந்து, குவாட்டர்பேக் கண்ணுக்கு முன்னால் சின்னத் திரை வைத்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார்கள். பயிற்சியாளர் டேப்லெட்டில் தட்டினால் அடுத்த திட்டம் எழுத்தாகத் தெரியும். அதைப் போட்டு ஆடிய முதல் ஆட்டத்தில் ஹில்பர்ட் கல்லூரியை 34-20 என்று வென்றார்கள். அதே மாதத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகம் மற்ற அணிகளின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் படித்ததாகப் பெரிய விவகாரம் வெடித்தது. ஹடில் கூடாமல் வேகமாக ஆடுவதற்காக இப்போது காது கேட்கிற அணிகள்தான் ஓரத்தில் நின்று கையை ஆட்டுகின்றன! அடுத்த வருஷமே பெரிய கல்லூரி அணிகளுக்கும் ஹெல்மெட் ரேடியோவுக்கு அனுமதி கிடைத்தது.

டிரம் உண்மை. ஒரு காலத்தில் கேலடெட் அணி ஓரத்தில் பெரிய பேஸ் டிரம் வைத்திருந்தது, பந்து எந்த அடியில் கைமாறும் என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள். சங்கு காதுக்கு மட்டும்தான் ஊதும் சேகர். ஆள் உயர டிரம் அப்படியில்லை. திருவிழாக்களில் மேளம் பக்கத்தில் வரும்போது நெஞ்சுக்கூடு அதிர்கிறதே, அங்கே கேட்பது காதா? குனிந்து கையைத் தரையில் ஊன்றி நிற்கிறவனுக்கு அந்த அதிர்வே போதும். ஆனால் எதிரணிக்கும்தான் டிரம் கேட்கும், எத்தனையாவது அடி என்று அவனும் எண்ணலாம். அதனாலோ என்னவோ இப்போது டிரம் இல்லை, பந்தைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். இதில் ஒரு சின்ன லாபமும் உண்டு. எதிரி குவாட்டர்பேக் வேண்டுமென்றே குரலை ஏற்றி இறக்கிக் கத்தி, அவசரப்பட்டு முன்னால் பாயவைத்துத் தப்பாட்டம் வாங்குவது இந்த விளையாட்டில் பழைய தந்திரம். கேலடெட் தடுப்பு வரிசைக்கு முன்னால் நின்று அவர் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், பந்து அசையாமல் ஒருத்தனும் நகரமாட்டான்.