பெற்றோரைக் கவனிக்க விடுப்பு: அமெரிக்கச் சட்டம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: நான் அமெரிக்காவில் பணிபுரிகிறேன். இந்தியாவில் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. அங்குள்ள மருத்துவரின் சான்று செல்லாது என்கிறார் மேலாளர். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், மேலாளர் சொல்வது தவறு. 1993இல் இயற்றப்பட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின்படி, நோயுற்றவர் வேறு நாட்டில் இருந்தால் அந்நாட்டில் தொழில்புரியும் மருத்துவர் தரும் சான்றை நிறுவனம் ஏற்றாக வேண்டும். அது ஆங்கிலத்தில் இல்லையென்றால், நிறுவனம் கேட்கும்போது மொழிபெயர்ப்பை நீங்கள் தர வேண்டும். சான்று தரக் குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு. இருந்தாலும் அறுவை சிகிச்சைக்கு முன்பே படிவத்தை நிரப்பி வாங்கிவிடுங்கள். அதன் பிறகு அம்மாவின் அருகிலிருந்து நகரவே உங்களுக்கு மனம் வராது.

கேள்வி: இந்த உரிமை எல்லா ஊழியருக்கும் உண்டா?

பதில்: இல்லை. அந்த நிறுவனத்தில் 12 மாதம் பணியாற்றியிருக்க வேண்டும், விடுப்புக்கு முந்தைய 12 மாதங்களில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும், பணியிடத்தைச் சுற்றி 75 மைலுக்குள் நிறுவனத்துக்கு 50 ஊழியர்களாவது இருக்க வேண்டும். தகுதி இருந்தால், ஆண்டுக்கு 12 வாரம் வரை ஊதியமில்லா விடுப்பு கிடைக்கும். மருத்துவக் காப்பீடு தொடரும். திரும்பி வரும்போது அதே வேலையோ அதற்கு இணையான வேலையோ தர வேண்டும்.

கேள்வி: மாமியாருக்காக எடுக்கலாமா?

பதில்: மேலே சொன்ன, நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டத்தில் முடியாது, மாமனார், மாமியார், உடன்பிறந்தோர் எவரும் அதில் இல்லை. நம் குடும்ப வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது வேதனையான குறைதான். உங்கள் கணவர் தம் தாய்க்காக எடுக்கலாம். கலிபோர்னியாவின் மாநிலச் சட்டம் இவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. நிறுவனத்தில் 5 ஊழியர் இருந்தாலே அது பொருந்தும். பெற்றோரின் இடத்தில் இருந்து உங்களை வளர்த்தவர் பாட்டி என்றால், கூட்டாட்சிச் சட்டமே அவரைப் பெற்றோராகக் கருதும். இதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். 12 வாரத்தையும் ஒரே தவணையில் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். மருத்துவத் தேவை இருக்கும்வரை மணிக்கணக்கில்கூடப் பிரித்து எடுக்கலாம். முன்கூட்டியே தெரிந்த சிகிச்சைக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தேவை.

கேள்வி: என் மேலாளரே மருத்துவரை அழைத்து விசாரிக்கலாமா?

பதில்: கூடாது. சான்றை உறுதிப்படுத்த மனிதவளத் துறையினர் மருத்துவரைத் தொடர்பு கொள்ளலாம். உங்கள் நேரடி மேலாளருக்கு அந்த அனுமதி இல்லை. விடுப்புக் கேட்டதற்காகப் பழிவாங்கினால், தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவில் புகார் செய்யலாம்.