சிறிய தொண்டு நிறுவனத்துக்குத் தன்னார்வலர்களை எப்படிச் சேர்ப்பது, சேர்ந்தவர்களை எப்படித் தக்கவைப்பது?

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்கு ஸ்க்ரைப் தேடிக் கொடுக்கும் வேலையைச் சென்னையில் பார்த்து வருகிறேன். ஸ்க்ரைப் என்றால் மாணவர் சொல்லச் சொல்லப் பரீட்சையில் எழுதுபவர். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

"தன்னார்வலர்கள் தேவை" என்று பொதுவாகப் போட்டால் நிறையப் பேர் பெயர் கொடுப்பார்கள். எதற்கு, எப்போது வருவோம் என்பது அவர்களுக்கே தெரியாது. அதற்குப் பதிலாக, "நவம்பர் இரண்டாம் வாரம், செவ்வாய் காலை, தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி, பி.ஏ. வரலாறு, தமிழில் வேகமாக எழுதத் தெரிய வேண்டும், நான்கு மணி நேரம்" என்று போடுங்கள். கொஞ்சப் பேர்தான் கேட்பார்கள், ஆனால் கேட்டவர் வருவார். நான்கு மணி நேரம் என்பதை மறைக்காதீர்கள். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். மூன்று மணி நேரப் பரீட்சை நான்காகிவிடும். போக வரச் சேர்த்தால் அரை நாள் போய்விடும்.

எங்கள் பெரிய தலைவலி வேறு. மாணவர் தானே ஸ்க்ரைபை அழைத்து வந்தால், அவருடைய படிப்பு மாணவரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது அதே 2018 வழிகாட்டுதல். பி.ஏ. மாணவருக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் எழுத முடியாது. கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் எழுதலாம், ஆனால் அவர்களுக்கும் அதே மாதம்தான் செமஸ்டர்! ஐ.டி. ஆட்கள் சனி, ஞாயிறு வரத் தயார்; பரீட்சை நடப்பதோ பெரும்பாலும் வார நாட்களில். போதாததற்கு அவர்கள் டிகிரி முடித்தவர்கள் வேறு. கடைசியில் எங்களுக்குக் கைகொடுப்பது பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய இல்லத்தரசிகள். பள்ளி வாசல், மகளிர் சுய உதவிக் குழு, அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு என்று தேடிப் போய்க் கேட்கிறோம். "நான் பன்னிரண்டாவதுதானே படிச்சிருக்கேன்" என்று தயங்குவார்கள். எங்களுக்கு வேண்டிய தகுதியே அதுதான்.

உங்கள் வேலைக்கும் அந்த நேரத்தில் யாரால் உண்மையிலேயே வர முடியும் என்று முதலில் யோசியுங்கள். மற்றவர்களையும் திருப்பி அனுப்ப வேண்டாம். டிகிரி முடித்தவர்களிடம் பாடங்களை வாசித்து ஆடியோவாகப் பதியச் சொல்கிறோம்.

சேர்ந்த பிறகு? பரீட்சைக்கு முன் மாணவரும் ஸ்க்ரைபும் போனிலாவது அரை மணி நேரம் சொல்லி எழுதிப் பழக வேண்டும். முந்தின நாள் மாலை நாங்களே கூப்பிட்டுக் கேட்போம். மெசேஜில் வரும் 'ஓகே'யை நம்புவதில்லை. அதே பகுதியில் மாற்றுக்கு ஒருவரைச் சொல்லி வைத்திருப்போம், ஏனென்றால் ஸ்க்ரைப் வராவிட்டால் போவது அந்த மாணவரின் பேப்பர். ஆட்டோ காசைக் கேட்கும்வரை காத்திருக்காமல் அன்றே கொடுத்துவிடுவோம்.

சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. சில நல்ல மனசுக்காரர்கள் மாணவர் சொல்லாததையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். கண்காணிப்பாளர் கவனித்தால் மாணவர்தான் மாட்டுவார். சும்மா வந்து உதவுகிறவரை எப்படிக் கண்டிப்பது என்று தயங்காமல், ஒரு முறை தனியாகச் சொல்லுங்கள். மறுபடி நடந்தால் அவரை ஆடியோ வேலைக்கு மாற்றிவிடுங்கள்.

ரிசல்ட் வந்ததும் மாணவரையே ஸ்க்ரைபுக்குப் போன் செய்யச் சொல்கிறோம். அடுத்த செமஸ்டரில் "எப்போ பரீட்சை?" என்று தாங்களாகவே கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த போன் வந்தவர்கள்தான்.

அப்புறம், சான்றிதழ் கேட்கும் மாணவர்களை ஏளனமாகப் பார்க்காதீர்கள். என்.எஸ்.எஸ்.ஸில் இருப்பவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை காட்ட வேண்டும். தேதி, நேரம் போட்டு, சீல் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.