கோர்ட்டுக்குப் போனால் சாக்கடை சரியாகுமா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

நகரச் சுகாதாரம், நீர்நிலை, மாசு தொடர்பான வழக்குகளை இருபது வருடங்களுக்கும் மேலாக நடத்தி வருகிறேன். போன வாரம் "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்): மேடம், எங்கள் வார்டில் மழைநீர்க் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. ஓடுவது முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். நகராட்சியில் மூன்று வருடமாக "நிதி வரவில்லை" என்ற ஒரே பதில். பணமே இல்லை என்பவர்களைக் கோர்ட் என்ன செய்துவிட முடியும்?

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1980-லேயே பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்று ஓர் ஊர். அங்கே நியூ ரோடு பகுதியில் திறந்த சாக்கடை, பக்கத்துச் சாராய ஆலையின் கழிவு, கழிப்பறை இல்லாததால் தெருவோரத்திலேயே ஒதுங்க வேண்டிய நிலையில் குடிசைவாசிகள். 1972-ல் அந்தப் பகுதி மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் திட்டம் போடு என்று அவர் நகராட்சிக்கு உத்தரவிட்டார். நகராட்சி அதைச் செய்யாமல் மேல்முறையீட்டுக்குப் போனது, உச்ச நீதிமன்றம் வரைக்கும்.

அங்கே நகராட்சி வைத்த வாதங்களைக் கேளுங்கள். ஒன்று, பணமில்லை. இன்னொன்று, அந்த இடம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துதானே வீடு கட்டினார்கள், இப்போது புகார் சொல்லலாமா என்பது. இந்த இரண்டாவது வாதத்தை இன்றைக்கும் நான் வார்த்தை மாறாமல் கேட்கிறேன். நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ணய்யரும் சின்னப்ப ரெட்டியும் இரண்டையும் ஏற்கவில்லை. பொதுச் சுகாதாரத்தைக் காப்பதற்காகவே அமைக்கப்பட்ட நகராட்சி, காசில்லை என்று சொல்லி அந்தக் கடமையிலிருந்தே ஓட முடியாது என்றார்கள். ஆலைக் கழிவு தெருவுக்கு வருவதை உடனே நிறுத்தச் சொன்னார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகப் பொதுக் கழிப்பறைகளை ஆறு மாதத்தில் கட்டச் சொன்னார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கோர்ட் நகராட்சியின் தலையில் புதிதாக எதையும் ஏற்றவில்லை. சாக்கடையைச் சுத்தமாக வைப்பது நகராட்சியின் வேலை என்று அந்த மாநிலத்துச் சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. அலமாரியில் கிடந்த அந்தக் கடமைக்குக் கோர்ட் ஒரு தேதி குறித்தது, அவ்வளவுதான்.

அந்த மாஜிஸ்திரேட் பயன்படுத்தியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆவது பிரிவாக இருக்கிறது. நீங்களும் அதன்கீழ் உங்கள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். "சுகாதாரச் சீர்கேடு" என்று பொதுவாக எழுதாதீர்கள். கால்வாய் எங்கே ஆரம்பிக்கிறது, எந்தக் கதவு எண்ணுக்கு முன்னால் தேங்குகிறது, பள்ளிக்கூடம் எத்தனை அடி தூரம், தேதி போட்ட புகைப்படம் என்று எழுதுங்கள். அலுவலக முத்திரை வைத்த நகலைக் கையில் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவர்): அரசியல் சட்டத்தில் சுத்தமான காற்று, தண்ணீர் என்று எங்கேயும் நேரடியாக இல்லையே அக்கா? பிறகு எப்படி அது உரிமையானது?

பதில்: தம்பி, 21-ஆவது பிரிவில் உள்ள "உயிர்" என்ற சொல்லை நீதிமன்றங்கள் விரித்துப் படித்ததால் வந்தது. 1976-ல் 42-ஆவது திருத்தம் 48ஏ, 51ஏ(ஜி) பிரிவுகளைச் சேர்த்தது. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் பொறுப்பும் குடிமக்களின் கடமையும் ஆனது. 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில், மாசில்லாத நீரும் காற்றும் 21-ஆவது பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

எல்லோரும் மேற்கோள் காட்டுகிற அந்த வழக்கில் மனுதாரர் தோற்றுப்போனார் என்பது பலருக்குத் தெரியாது. நிலக்கரிக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்று வந்தவர், அந்தக் கழிவுச் சேற்றையே விலைக்கு வாங்கி வியாபாரம் செய்தவர். கம்பெனியோடு அவருக்குச் சொந்தத் தகராறு இருந்தது. உரிமை உண்டு, ஆனால் நீங்கள் வந்தது பொதுநலனுக்காக இல்லை என்று கோர்ட் மனுவைத் தள்ளுபடி செய்தது. பொதுநல வழக்கோடு என்னிடம் வருகிறவர்களிடம் எதிர்த்தரப்போடு நிலத் தகராறு, டெண்டர் தகராறு ஏதும் உண்டா என்று முதலில் கேட்பது இதனால்தான். இருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி (பாலாற்றங்கரை விவசாயி): வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கு பெரிய தீர்ப்பு என்கிறார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரை இன்னும் மாடு குடிப்பதில்லை. அந்தத் தீர்ப்பால் எங்களுக்கு என்ன கிடைத்தது?

பதில்: ஐயா, இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நீங்கள் சொல்வது நியாயம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள், 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்ற விவரங்கள் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வரும் என்று சந்தேகம் இருந்தாலே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். வேலூர் மட்டுமில்லாமல் திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, செங்கல்பட்டு வட்டாரங்களின் தோல் தொழிற்சாலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிட ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்று பசுமை அமர்வு.

நாடு முழுக்க அந்தக் கொள்கைகளை வைத்துப் பல வழக்குகள் ஜெயித்தன, நானும் ஜெயித்திருக்கிறேன். ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பும் குரோமியமும் தீர்ப்பு வந்ததும் வெளியேறிவிடுவதில்லை. இழப்பீடும் எல்லோரையும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தை மறுபடி கையில் எடுத்தது. விடுபட்ட இழப்பீட்டை மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. பாலாற்றைச் சீராக்குவதைக் கண்காணிக்கக் குழு அமைக்கச் சொன்னது. வழக்கை முடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அவ்வப்போது அறிக்கை கேட்கும் முறையைப் பின்பற்றியது. உங்கள் பெயர் பழைய இழப்பீட்டுப் பட்டியலில் இருந்ததா, எவ்வளவு வந்தது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்த சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (இரவுப் பணி செவிலியர்): பக்கத்தில் ஒலிபெருக்கி. பகலில்தான் நான் தூங்க முடியும். சட்டம் உதவுமா?

பதில்: இரவுக்குத்தான் சட்டம் கடுமையாக இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில் மட்டும் வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை அரசு தளர்த்தலாம். பகலிலும் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல்தான் வரம்பு, அதுவும் காவல்துறையின் எழுத்துபூர்வ அனுமதியோடு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியிலிருந்து போன ஒரு வழக்கில், எந்த மதமும் மற்றவர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லவில்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது எல்லா மதத்துக்கும் பொருந்தும். முதலில் நேரில் போய் உங்கள் வேலை நேரத்தைச் சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் அதுவே போதும்.

கேள்வி (கால்வாயோரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண்): நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்கு என்றாலே எங்கள் வீட்டைத்தான் இடிக்கிறார்கள். சுற்றுச்சூழல் வக்கீல்கள் எல்லாரும் எங்களுக்கு எதிரி போல இருக்கிறது.

பதில்: சகோதரி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் உண்மையும் இருக்கிறது. 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலைகளை அடையாளம் கண்டு மீட்கச் சொன்னது. 2007-ல் ஏரிகளுக்கான ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் வந்தது. உத்தரவுகள் தேவையானவைதான். ஏரி போனால் முதலில் மூழ்குவதும் உங்கள் பகுதிதான். ஆனால் உத்தரவு கையில் வந்ததும் அதிகாரிகள் போவது ஓலைக்கும் தகரத்துக்கும்தான். அதே நீர்ப்பிடிப்பில் நிற்கிற பெரிய கட்டிடத்துக்கு நோட்டீஸ் போவதற்குள் அதன் சொந்தக்காரர் தடை உத்தரவு வாங்கிவிடுகிறார்.

1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும், முன்னறிவிப்பு கொடுக்காமலும் குடியிருப்பவர்கள் சொல்வதைக் கேட்காமலும் அகற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பம்பாய் நடைபாதைவாசிகளை மழைக்காலம் முடியும்வரை அகற்றக் கூடாது, 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது. கடைசியில் அகற்றவும் அனுமதித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீர்நிலை வழக்குப் போடுகிறவர்கள் மனுவிலேயே மறுவாழ்வையும் கேட்க வேண்டும், அங்கே குடியிருப்பவர்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அப்படிச் செய்யாத மனுவில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. உங்கள் வாக்காளர் அட்டை, மின் கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் நகலெடுத்து வேறு வீட்டில் வையுங்கள். இடிக்கிற அன்றைக்கு முதலில் தொலைவது அவைதான்.

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர்): காலி மனையில் தினமும் குப்பை எரிக்கிறார்கள். எங்கே போவது? உயர் நீதிமன்றமா, பசுமைத் தீர்ப்பாயமா?

பதில்: முதலில் மாநகராட்சிக்கு எழுத்தில் புகார். சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா படேல் 1996-ல் போட்ட வழக்கின் நீட்சியாகத்தான் 2000-ல் நகரக் குப்பை விதிகளே வந்தன. அதே வழக்கில், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடைசெய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்றது. இந்த உத்தரவைப் புகாரில் குறிப்பிடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய் கட்டணம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பல நல்ல மனுக்கள் விழுகின்றன. உயர் நீதிமன்றத்தின் கதவும் மூடவில்லை. ஆனால் மாசு, குப்பை, நீர் என்றால் "தீர்ப்பாயத்துக்குப் போங்கள்" என்றே பெரும்பாலும் சொல்வார்கள்.

கேள்வி (பொறியாளர்): ஊரை நிர்வகிப்பது நீதிபதிகளின் வேலையா?

பதில்: இல்லை. சீமைக்கருவேல மரங்களை அகற்றும் உத்தரவு நினைவிருக்கும். மதுரை அமர்வின் உத்தரவுப்படி மாவட்டம் மாவட்டமாக வேரோடு பிடுங்கினார்கள். 2017-லேயே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு இடைக்காலத் தடை விதித்து, நிபுணர்கள் ஆராயட்டும் என்றது. என்ன செய்ய வேண்டும் என்பதை நிபுணரும் மக்கள் பிரதிநிதியும் முடிவு செய்யட்டும். செய்தாயா இல்லையா என்று கேட்பது கோர்ட். இந்தக் கோட்டைத் தாண்டாத உத்தரவுகள்தான் நின்றிருக்கின்றன.

கேள்வி (முதல் கேள்வி கேட்டவரின் ஊர்க்காரர்): உத்தரவு வாங்கியாகிவிட்டது மேடம். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்?

பதில்: அப்புறம்தான் உண்மையான வேலை. என் வழக்கு ஒன்றில் ஓர் ஊராட்சி "கால்வாய் தூர்வாரப்பட்டது" என்று நிலை அறிக்கை போட்டது. பளிச்சென்று ஆறு கலர் படங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் முப்பது அடி, அந்தப் பக்கம் முப்பது அடி சுத்தமாக இருந்தது. அதற்கு மேல் ஆகாயத்தாமரை தரைபோல விரிந்து, அதன்மேல் ஒரு கோழி நடந்துகொண்டிருந்தது. ஆறு படமும் பாலத்தின் மேல் நின்றே எடுத்தவை. உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் டேப் பிடிக்க, நூறு அடிக்கு ஒரு படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் அன்றைய செய்தித்தாளை வைத்து, பிரமாண வாக்குமூலத்தோடு தாக்கல் செய்தோம். அடுத்த விசாரணைக்குப் பொறியாளர் நேரில் வர வேண்டியதாயிற்று. நான்கு மாதத்தில் முழுதும் வாரினார்கள். மறு வருடம் மறுபடி மூடியது, மறுபடி போனோம்.

நீதிமன்ற அவமதிப்பு மனு போடுவதென்றால் மீறிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். உத்தரவில் தேதியும் பொறுப்பான அதிகாரியின் பதவியும் இருக்கும்படி வாதத்தின்போதே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். "விரைவில் பரிசீலிக்க வேண்டும்" என்ற உத்தரவை வைத்து யாரையும் பிடிக்க முடியாது.

கேள்வி (கழிவுநீர்த் தொட்டியில் தம்பியை இழந்த அண்ணன்): ஒப்பந்ததாரர் இரண்டு லட்சம் தருகிறேன், கையெழுத்துப் போடு என்கிறார். அம்மா சரி என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதே, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். "தானாகத்தான் இறங்கினான்" என்று உங்களிடம் எழுதி வாங்கப் பார்ப்பார்கள், அதற்கும் சம்மதிக்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் வாங்குங்கள். அன்றைக்கு உடன் வேலைக்குப் போனவர்கள் யார் என்று எழுதி வையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். இன்றைக்கே போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களிடம் அங்கே உள்ளவர்களே எடுத்துச் சொல்லட்டும்.