பாலைவன மலைகளின் கல்மண்: கேள்வி பதில்

மண்ணியல் பயின்ற ஒருவர், வறண்ட மலைச்சரிவுகளில் காணப்படும் ஆழமற்ற கல்மண்ணைப் பற்றிப் பலரும் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த விடைகள்.

கேள்வி: பாலைவன மலைகளில் பாறை எத்தனையோ லட்சம் ஆண்டுகளாகச் சிதைந்துகொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் அங்கே ஒரு சாண் மண்கூடச் சேராதது ஏன்?

பதில்: மண்ணின் ஆழம் என்பது வரவிலிருந்து செலவு போக எஞ்சிய மீதி. பகலில் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் காயும் பாறையின் முகம் இரவில் விரைவாகக் குளிர்வதாலும், வெடிப்புகளில் உப்புப் படிகங்கள் வளர்ந்து நெம்புவதாலும் கல் பிளக்கிறதே தவிர, கல்லைக் களிமண்ணாக்கும் வேதிச் சிதைவு நீர் இல்லாமல் மிக மெதுவாகவே நடக்கிறது. ஆகவே சில்லும் சரளையும் நிறைய உண்டாகின்றன. நுண்மண் கொஞ்சமே உண்டாகிறது. செலவோ அப்படியன்று. மழை எப்போதோ ஒருமுறைதான் பெய்கிறது என்றாலும், அடித்துப் பெய்யும் அந்த மழை, தடுத்து நிறுத்தச் செடிகொடி இல்லாத செங்குத்துச் சரிவில் கிடக்கும் நுண்மண்ணை வாரிக்கொண்டுபோய் அடிவாரத்தில் விசிறிபோல் பரப்பிவிடுகிறது.

ஆயினும் மண்ணே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பத்து சென்டிமீட்டரில் கடப்பாறை பாறையில் மோதும் இடத்திலிருந்து ஓரடி தள்ளி, அரை மீட்டர் ஆழத்துக்கு மண் நிரம்பிய வெடிப்பு இருக்கலாம். செடிக்குத் தேவை அந்த வெடிப்புதான்; நாம் போடும் சராசரிக் கணக்கு அதை மறைத்துவிடுகிறது.

கேள்வி: இந்த மண்ணுக்கு அறிவியல் பெயர் என்ன? பாடநூலுக்குப் பாடநூல் வேறுபடுகிறதே?

பதில்: இரண்டு வகைப்பாட்டு முறைகள் வழக்கில் இருப்பதே குழப்பத்துக்குக் காரணம். 'உலக மண்வள மேற்கோள் அடிப்படை' (WRB) என்னும் பன்னாட்டு முறையில் இது லெப்டோசால். மெல்லிய என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். 25 சென்டிமீட்டருக்குள் தொடர்பாறை தட்டுப்பட வேண்டும், அல்லது 75 சென்டிமீட்டர் வரை நுண்மண் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். அமெரிக்க வகைப்பாட்டில் இத்தகைய பாலைவனச் சரிவுமண் பெரும்பாலும் லித்திக் டோரியார்தென்ட் என்ற பிரிவில் அடங்கும். 'லித்திக்' என்பது 50 சென்டிமீட்டருக்குள் பாறை இருப்பதையும், 'டோரி' என்பது வறட்சியையும் குறிக்கும். பழைய நூல்களில் வரும் லித்தோசால் என்பதும் ஏறத்தாழ இதுவே. பெயர் நாவைச் சுளுக்க வைத்தாலும் அளவுகோல் எளிது.

கேள்வி: பாலைவனத்தில் ஆழமான களிமண் சமவெளி மொட்டையாகக் கிடக்க, கல்லும் கரடுமான சரிவில் புதர்கள் நிற்பதைக் கண்டேன். இது தலைகீழாக அல்லவா இருக்கிறது?

பதில்: நீங்கள் கண்டது விதிவிலக்கன்று, வறண்ட நிலத்தின் இயல்பே அதுதான். இஸ்ரேலியச் சூழலியலாளர் இமானுவேல் நோய்-மெய்ர் 1973-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். மழை மிகுந்த நாட்டில் களிமண் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நன்மை தருகிறது. மழை குறைந்த நாட்டில் அதே குணம் தீமையாகிவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து மில்லிமீட்டர் மழை முழுவதும் மண்ணுக்குள் இறங்குகிறது என்று கொள்வோம். தன் கன அளவில் 35 விழுக்காடு நீரைப் பிடிக்கும் களிமண்ணில் அந்த நீர் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். சில நாள் வெயிலிலேயே அது ஆவியாகிவிடும். அறுபது விழுக்காடு கல்லும், மீதி நாற்பது விழுக்காடாக, தன் கன அளவில் 20 விழுக்காடு நீரைப் பிடிக்கும் மணற்பாங்கான மண்ணும் கலந்த சரிவிலோ, கற்கள் நீரை ஏறக்குறைய உறிஞ்சாத காரணத்தால், அதே மழை பன்னிரண்டு சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கும். அதற்குக் கீழே பாறை வெடிப்பு இருந்தால், பாறைமுகத்திலிருந்து வழிந்து வரும் நீரும் அதற்குள் புகுந்து, வெயிலின் கைக்கு எட்டாத ஆழத்தில் பல மாதங்கள் தங்கியிருக்கும். மேலே கிடக்கும் கல்லும் ஒரு மூடிபோல் இருந்து ஆவியாதலைக் குறைக்கிறது. மண்ணின் மொத்த அளவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் கிடைக்கும் துளியைக் காப்பாற்றுவதில் அந்த மண் களிமண்ணை விஞ்சிவிடுகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 300 முதல் 500 மில்லிமீட்டர் என்ற எல்லையைத் தாண்டும்போது நிலைமை புரண்டு, களிமண் முந்திக்கொள்கிறது.

கேள்வி: சரிவின் எந்தப் பக்கம் செடிகள் மிகுதி?

பதில்: பூமியின் வடபாதியில் வடக்கு நோக்கிய பக்கத்தில், தென்பாதியில் தெற்கு நோக்கிய பக்கத்தில். நேர்வெயில் குறைவதால் ஈரம் நெடுநாள் நிற்கிறது.

கேள்வி: கருங்கல் மலையில் குழி தோண்டியபோது கற்களின் அடிப்புறத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மை தெரிந்தது. சுண்ணாம்பே இல்லாத பாறையில் இது எங்கிருந்து வந்தது?

பதில்: பெரும்பாலும் காற்றிலிருந்து வந்தது. தொலைவிலிருந்து பறந்து வரும் புழுதியில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. மழைநீரிலும் கால்சியம் கரைந்திருக்கிறது. சிறுமழை அவற்றைக் கரைத்துச் சிறிது ஆழம் வரை கொண்டுபோகிறது. அடித்துச் செல்லப் போதிய நீர் இல்லாததால் நீர் வற்றும் இடத்திலேயே சுண்ணாம்பு படிகிறது. நீர்த்துளி கல்லின் அடியில் தொங்கி உலர்வதால் அங்கேதான் முதற்பூச்சு தோன்றும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது தடித்து, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான வெளியை நிரப்பி, இறுதியில் சுக்கான் தட்டாக இறுகிவிடும். பூச்சின் தடிப்பைக் கொண்டு ஒரு சரிவின் வயதை ஒப்பிட்டுக் கணிக்கும் வழக்கமும் மண்ணியலாரிடம் உண்டு. இச்சரிவுகளில் இருக்கும் நுண்மண்ணில் பெரும்பகுதியே அடிப்பாறையிலிருந்து பிறக்காமல் புழுதியாக வந்து குடியேறியதாக இருக்கக்கூடும்.

கேள்வி: அத்தகைய தட்டு உள்ள இடத்தில் மரம் நட முடியுமா?

பதில்: தட்டை முழுதாகத் துளைக்க முடிந்தால் நடலாம். குழியில் நீர் நிரப்பி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். நீர் அப்படியே நின்றால் அந்தக் குழி வெறும் தொட்டிதான், வேர் அழுகிவிடும். துளைத்த பிறகும் காரத்தன்மை மிகுதியால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலைகள் மஞ்சளாகும். ஆதலால் சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும் இனங்களையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: சரிவில் உள்ள கற்களைப் பொறுக்கி அகற்றுவது நல்லதா?

பதில்: அந்தச் சரிவிலேயே செடி வளர வேண்டுமானால் கல்லைத் தொடாதீர்கள். சரிவிலிருந்து நீர் கீழே ஓடி வர வேண்டுமானால் செய்தி வேறு. ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையே பெறும் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், பழங்காலத்தவர் சரிவுக் கற்களைக் குவியல் குவியலாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் நோக்கத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு. ஆனால் அங்குள்ள அவ்தாத் என்னும் இடத்தில் பழைய பண்ணையை மீட்டெடுத்த தாவரவியலாளர் மைக்கேல் எவனாரி குழுவினரின் சோதனைகளில், கல் நீக்கிய மண் மழையில் மேலோடு கட்டி, கூடுதல் நீரை வழியவிட்டது. இருபது ஹெக்டேர் சரிவில் விழும் மழையில் 15 விழுக்காடு மட்டும் வழிந்து ஒரு ஹெக்டேர் பள்ளத்து வயலை அடைந்தாலே, வயலில் நேரடியாக விழும் 100 மில்லிமீட்டருடன் மேலும் 300 மில்லிமீட்டர் சேர்கிறது. கல்மண் சரிவு அங்கே வயலாகப் பயன்படவில்லை. வயலுக்கு நீர் தரும் கூரையாகப் பயன்பட்டது.

கேள்வி: மண்ணே இல்லாத வெறும் பாறையில் கள்ளி வளர்வது எப்படி?

பதில்: மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் கார்தோன் என்னும் பெருங்கள்ளியை ஆராய்ந்தவர்கள், அதன் வேரிலும் விதைக்குள்ளும் வாழும் பாக்டீரியாக்கள் பாறைத் தாதுக்களைக் கரைத்து ஊட்டம் எடுப்பதைக் கண்டார்கள். விதை முளைக்கும்போதே அந்தப் பாக்டீரியாவையும் உடன் கொண்டுவருகிறது. வேர் வெடிப்பில் நுழைந்து கல்லைத் தூளாக்க, உதிரும் தூளும் மக்கிய வேரும் அடுத்த தலைமுறைச் செடிக்கு முதல் பிடி மண்ணாகின்றன.