ஈத்துக்கு எத்தனை குட்டி? தாயின் மரபு எவ்வளவு?

கேள்வி: லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர் தூய இனப் பன்றி ஒன்று மூன்று ஈத்திலும் பண்ணை சராசரியைவிட 2 குட்டி கூடுதலாக ஈன்றது. அதன் மகள்களும் அப்படி ஈனுமா?

பதில்: கால் குட்டி கூடினாலே நல்லது. குட்டி எண்ணிக்கை பன்றிக்குப் பன்றி மாறுவதில் மரபின் பங்கு சுமார் 0.10தான். ஒரே பன்றியின் ஈத்துகளுக்குள் உள்ள ஒற்றுமை ஏறத்தாழ 0.15. ஆக மூன்று ஈத்துப் பதிவுக்கு 3 × 0.10 ÷ (1 + 2 × 0.15) = 0.23. இதை 2 குட்டியால் பெருக்கினால் 0.46, அதுதான் தாயின் இனவிருத்தி மதிப்பு, அதாவது அதன் மரபால் மட்டும் கூடும் குட்டி. சராசரி ஆண் பன்றியுடன் சேர்த்தால் மகளுக்குப் போவது அதில் பாதி, 0.23 குட்டி. முதல் ஈத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் 0.23க்குப் பதில் 0.10தான் பெருக்க வேண்டும், அவசரப்படாதீர்கள்.

கேள்வி: 100 தாய்–மகள் ஜோடிகளின் முதல் ஈத்தை ஒப்பிட்டேன். மரபின் பங்கு பூச்சியத்துக்குக் கீழே வருகிறதே?

பதில்: கணக்கில் தப்பில்லாமலும் அப்படி வரும். தாய்–மகள் சாய்வெண்ணை (தாய் ஒரு குட்டி கூடுதலாக ஈன்றால் மகள் எவ்வளவு கூடுதலாக ஈனுகிறது என்ற எண்) இரட்டித்தால் மரபின் பங்கு கிடைக்கும். ஆனால் 100 ஜோடியில் அதன் திட்டப்பிழை, அதாவது தற்செயலாக ஏறி இறங்கும் அளவு, சுமார் 0.2. அளக்க வந்ததே 0.10! பிழை 0.05க்கு இறங்க ஏறத்தாழ 1,600 ஜோடி வேண்டும்.

இன்னொன்று: பெரிய ஈத்தில் பிறந்த பெண் குட்டிக்குப் பால் குறைவு, வளர்ச்சியும் குறைவு, பிறகு அதுவே குறைவாக ஈனுகிறது. நல்ல தாயின் மகள் மோசமாகத் தெரிவது இப்படித்தான். பிறந்த எண்ணிக்கையை முதலில் எழுதிக்கொண்டு, ஓரிரு நாளுக்குள் குட்டிகளைத் தாய்களுக்கிடையே மாற்றி விட்டுச் சமப்படுத்துங்கள். மாற்றியபின் எண்ணினால் பதிவேடே வீண்.

பல பண்ணைப் பதிவுகளைச் சேர்த்து, வம்சாவளியோடு ரெம்ல் (REML) என்ற புள்ளியியல் முறையில் கணக்கிடுவதே சரி. பண்ணை–ஆண்டு–பருவம், எத்தனையாவது ஈத்து, சேர்த்த ஆண் பன்றி ஆகியவை அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே பன்றி திரும்பத் திரும்ப ஈனுவதால் வரும் நிலையான சூழல் விளைவையும் தனியே பிரியுங்கள்; விட்டால் அது மரபின் கணக்கில் ஏறி எண்ணை ஊதிவிடும். பண்ணையிலிருந்து கழித்த பன்றிகளின் முதல் ஈத்துப் பதிவையும் நீக்காதீர்கள். நீக்கினால் நல்லவை மட்டுமே மிஞ்சி, இருக்கும் வேறுபாடும் சுருங்கும்.

கேள்வி: எந்தப் பண்பில் தேர்வு வேகமாகப் பலிக்கும்?

பதில்: காம்பு எண்ணிக்கை. மரபின் பங்கு சுமார் 0.2 முதல் 0.4, பிறந்த அன்றே, ஆண் குட்டியிலும் எண்ணலாம். முதல் சினைப்பருவ வயதும் 0.3ஐ ஒட்டியது, ஆனால் தினமும் சினைப்பருவ அறிகுறி பார்க்காத பண்ணையில் அந்தத் தேதியே ஊகம்தான்.