மெல்ல எரிந்து மெல்ல அணையும் வாசல் விளக்கு: கேள்வி பதில்

பாம்பனில் இருபது ஆண்டுகளாக மின்பணி செய்கிறேன். ஆள் வந்தால் மெல்ல ஒளிர்ந்து, போனதும் மெல்ல அணையும் விளக்கைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கீழக்கரை வாசகி: காக்கா (அண்ணா), எங்கள் முற்றத்து விளக்கு ஆளே இல்லாமல் எரிகிறது. பழுதா?

பழுதில்லை, தங்கச்சி. ஆள் வருவதைக் கண்டு விளக்கை ஏற்றும் உணரிக்கு (சென்சார்) மனிதனைத் தெரியாது. வெப்பம் நகர்வதுதான் தெரியும். அதற்குள் இரண்டு உணர்பகுதிகள் உண்டு. வெப்பக் கதிர் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் விளக்கை ஏற்றிவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த பனையோலை வேலி கச்சான் காற்றில் ஆடினாலே போதும். உணரியின் முகத்தை வேலியிலிருந்து திருப்பி, ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டுங்கள். வருகிறவர் உணரிக்குக் குறுக்கே கடக்கவேண்டும். நேராக வந்தால் பிந்தித்தான் உணரும். ஆடு, பூனைத் தொல்லைக்கு லென்ஸின் கீழ்ப்பகுதியில் கறுப்பு டேப் ஒட்டுங்கள். சித்திரையில் சுவரின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது உணர்வு மந்தமாகும். அதற்காகக் கழற்றி எறிய வேண்டாம்.

மண்டபம்: சாதாரண 9 வாட் எல்இடி பல்பை மெதுவாக எரிய வைக்கலாமா?

முடியாது. அதற்குள் இருக்கும் சுற்று மின்னோட்டத்தைக் குறையவிடாமல் பிடித்து வைக்கவே செய்யப்பட்டது. மங்கலாக்கியை (டிம்மர்) மாட்டினால் துடிக்கும், சீக்கிரம் கருகும். 12 வோல்ட் எல்இடி பட்டைக்கு மாறுங்கள். 230 வோல்ட்டில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: அண்ணா, 12 வோல்ட் பட்டையை ஆர்டுயினோவில் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகை) 0 முதல் 255 வரை சம படிகளில் ஏற்றுகிறேன். முதலில் குதிக்கிறது, பிறகு மாற்றமே தெரியவில்லை. அணையும்போது யாராவது வந்தால் முழுக்க இருண்டு மறுபடி எரிகிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தம்பி. கண் ஒளியைச் சம படிகளில் அளப்பதில்லை. பாதி வெளிச்சமாகத் தெரிய ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலே போதும். ஆகவே தொடக்கத்தில் சின்னச் சின்னப் படியாகவும் மேலே பெரிய படியாகவும் ஏற்ற வேண்டும். எளிய வழி: படியின் எண்ணை அதனாலேயே பெருக்கி 255ஆல் வகுங்கள். ஏற இரண்டு விநாடி, இறங்க எட்டுப் பத்து விநாடி என்று வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இரண்டாவது கோளாறு, நிரல் அணைப்பை முடித்துவிட்டுத்தான் உணரியைத் திரும்பிப் பார்க்கிறது. 'இப்போதைய ஒளி', 'போக வேண்டிய ஒளி' என்று இரண்டு எண்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் முதலாவதை இரண்டாவதை நோக்கி ஒரு படி நகர்த்துங்கள். நடுவில் ஆள் வந்தால், நின்ற இடத்திலிருந்தே ஏறும்.

ஏர்வாடி: எங்கள் 9 வாட் பல்பும் மெதுவாக அணையுமா?

மண்டபத்துக்குச் சொன்ன பதில்தான்.

தேவிபட்டினம்: ஐபி65 பெட்டிதான் வாங்கினேன், ஒரே மழைக்காலத்தில் உள்ளே பச்சை பூத்துவிட்டது.

ஐபி65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீர் புகாது. உப்பைப் பற்றி அது பேசவே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: மூடியை எந்தச் சிலிக்கானால் அடைத்தீர்கள்? காடி வாடை அடிப்பதாக இருந்தால் அதுவே எமன். உலரும்போது அசிட்டிக் அமிலம் விட்டு, செம்பைத் தின்னும். நானே ஒரு படகுத் துறையில் ஆறு விளக்குகளை அப்படிக் கெடுத்திருக்கிறேன். வாடையில்லாத நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்குங்கள்.

தொண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, பளீரென்று எரிந்தால்தானே திருடன் திடுக்கிட்டு ஓடுவான்? மெல்ல எரிவது அவனுக்கு வழிகாட்டுவதாகாதா?

ஐயா, வீட்டுக்குத் திருடன் என்றாவது வருவான். விடியுமுன் வத்தைக்கு (மீன்பிடிப் படகுக்கு) போகிறவர் தினமும் வருகிறார். இருட்டுக்கு முழுக்கப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் ஆகும். பளீரென்ற ஒரு விளக்கு அதை நொடியில் கலைத்துவிடும். அதற்குப் பிறகு நங்கூரக் கயிறு காலில் தட்டுவது தெரியாது.

தொண்டி, மறுபடியும்: அவர்கள் டார்ச் வைத்திருப்பார்கள். என் வீட்டைக் காப்பது என் உரிமை.

காத்துக்கொள்ளுங்கள், ஐயா. வாசல் பக்கம் பளீரென்று எரியட்டும். உங்கள் தெரு, உங்கள் முடிவு. கொல்லைப்புற விளக்கு கடலைப் பார்க்க வேண்டாம் என்றுதான் மன்றாடுகிறேன்.

தனுஷ்கோடிப் பக்கம் ஒருவர்: மெல்ல எரிந்தால் மட்டும் ஆமைக்குஞ்சு தப்பிக்குமா? எரிந்தால் எரிந்ததுதானே!

நீங்கள் சொல்வது சரி. என் பதிலில் அது விடுபட்டுவிட்டது. பங்குனி ஆமைக் குஞ்சு இரவில் பொரித்து, வெளிச்சமான அடிவானம் எதுவோ அதை நோக்கி ஓடும். அது கடலாக இருக்க வேண்டும். விளக்கானால் வழி தவறிச் சாகும். மெல்ல ஏறுவது மனிதக் கண்ணுக்கான உதவி, குஞ்சுக்கு அதனால் பயனில்லை. ஆகவே, மணலிலிருந்து பார்த்தால் விளக்கு கண்ணில் படாதபடி மேலும் பக்கமும் மறைப்பு வையுங்கள். இடுப்புக்குக் கீழே பொருத்துங்கள், நிறம் வெள்ளை வேண்டாம், ஆழ்ந்த மஞ்சள் அல்லது சிவப்பு. தை முதல் சித்திரை வரை கடல் பக்கத்து விளக்கை அணைத்தே வைத்தால் இன்னும் நல்லது.

தொண்டி: கொல்லை விளக்கைத் திருப்பிவிடுகிறேன். மஞ்சள் பட்டை எங்கே கிடைக்கும்?

நன்றி, ஐயா. மின்கடையில் 'ஆம்பர்' என்று கேளுங்கள். 'வார்ம் ஒயிட்' கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் நீலம் கலந்திருக்கும். பொருத்தும்போது, காடி வாடை சிலிக்கான் வேண்டாம்.