விக்டோரியா கோடை: தீ, வெக்கை, இடி (கேள்வி பதில்)

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கிராமத் தீயணைப்புப் படையில் தன்னார்வலராக இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கே: மெல்பர்னில் 43 டிகிரி அடிக்கும் நாளில், சாயங்காலம் தென்மேற்குக் காற்று வந்ததும் சட்டென்று குளிர்ந்துவிடுகிறது. அதோடு தீ ஆபத்து முடிந்ததா?

நகரத்துக்குள் இருந்தால் ஜன்னலைத் திறந்து அனுபவியுங்கள். எங்காவது தீ எரிந்துகொண்டிருந்தால் அதுதான் மிக மோசமான நேரம். பகல் முழுக்க உள்நாட்டிலிருந்து வரும் வறண்ட வடக்குக் காற்று தீயைத் தெற்கே தள்ளும். அது நீளமாக, ஒல்லியாக ஓடும். காற்று தென்மேற்காகத் திரும்பிய கணத்தில், அந்த நீளமான கிழக்குப் பக்கம் முழுவதும் தீயின் முகப்பாகிவிடும். 2009 பிப்ரவரி 7, விக்டோரியாவில் பெருந்தீ பரவிய 'கருப்புச் சனிக்கிழமை'. மெல்பர்னில் 46.4 டிகிரி. மாலையில் காற்று திரும்பிய பிறகுதான் மேரிஸ்வில் ஊர் எரிந்தது. வானிலை அறிவிப்பில் உச்ச வெப்பத்தைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று பாருங்கள்.

கே: இடி மழை வந்தால் தீ அணைந்துவிடும் அல்லவா?

மழை வந்தால் சரி. பல நேரம் துளி தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும், மின்னல் மட்டும் இறங்கும். பெருந்தீயின் புகையே இடிமேகமாக எழும்பிப் புதிய தீ மூட்டுவதும் உண்டு.

கே: அம்மா அப்பா மதுரையிலிருந்து வருகிறார்கள். வெயில் பழகியவர்கள்தானே?

2009 ஜனவரி இறுதியில் மெல்பர்னில் மூன்று நாள் தொடர்ந்து 43-ஐத் தாண்டியது. அந்த வெப்ப அலையில் விக்டோரியாவில் வழக்கத்தைவிட 374 பேர் கூடுதலாக இறந்தார்கள். அடுத்த வாரம் கருப்புச் சனிக்கிழமைத் தீயில் இறந்தவர்கள் 173. வெப்பத்தில் இறந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், வீட்டுக்குள்ளேயே. அந்தச் சூட்டில் வெறும் மின்விசிறி அனல்காற்றைத்தான் வீசும். ஈரத்துண்டு, தண்ணீர், மதியம் ஏசி உள்ள நூலகம் அல்லது வணிக வளாகம். "எங்களுக்கு வெயில் பழக்கம்" என்று அப்பா சொல்வார், கேட்காதீர்கள்.

கே: எனக்கு ஆஸ்துமா இல்லை. இடிமழை ஆஸ்துமா பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

2016 நவம்பர் 21 மாலை மெல்பர்னில் இடிப்புயல் வந்தது. புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்துகளாகி, புயல் காற்றோடு தரைமட்டத்துக்கு இறங்கியது. 10 பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்கு ஓடிய ஆயிரக்கணக்கானோரில் பலருக்கு முன்பு ஆஸ்துமா இருந்ததே இல்லை. மக்கள்தொகை விகிதத்தைப் பார்த்தால் இந்தியா, இலங்கையில் பிறந்தவர்கள் அதிகமாகவே பாதிக்கப்பட்டார்கள். வசந்தத்தில் தும்மலும் கண் அரிப்பும் வருகிறதா? அக்டோபருக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் கதவைச் சாத்துங்கள். வெளிக்காற்றை இழுக்கும் ஈரக்குளிரூட்டியை நிறுத்துங்கள்.

கே: பொங்கலுக்கு வாசலில் விறகடுப்பு வைக்கலாமா?

முழுத் தீத்தடை அறிவித்த நாளில் கூடாது. ஜனவரி நடுப்பகுதி என்பது தீக்காலத்தின் உச்சம். கேஸ் அடுப்பிலும் பால் பொங்கும்.

கே: அண்ணா, தோட்டத்தில் ஒரு சின்னத் தீ மட்டும்…

மேலே பாருங்கள்.

கே: என் நண்பர் குழாயோடு நின்று வீட்டைக் காப்பாற்றினார். ஓடுவது கோழைத்தனம் இல்லையா?

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். நின்று காப்பாற்றியவர் கதை சொல்வார். நின்று இறந்தவர் சொல்ல மாட்டார். கருப்புச் சனியில் இறந்த 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தார்கள். சுவர்போலத் தீ வரும் முன்பே தீப்பொறி பறந்து வந்து கூரையோர மழைநீர்க் கால்வாயில் கிடக்கும் காய்ந்த இலையில் விழும். குழாயில் தண்ணீரும் வராமல் போகலாம், மின்சாரம் போனால் பம்பு ஓடாது.

கே: (அதே நபர்) அதற்காக ஒவ்வொரு சூடான நாளும் வேலையை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்ய முடியுமா?

ஒவ்வொரு நாளும் வேண்டாம். 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்கத் தீ ஆபத்து எச்சரிக்கைக்கு நான்கே படிகள்: மிதம், அதிகம், கடுமை, பேரழிவு. கடைசிப் படி ஒரு கோடையில் அரிது. அன்று நின்று போராடும் பேச்சே கிடையாது. முந்தின இரவோ விடியற்காலையிலோ கிளம்புங்கள். புகை தெரிந்தபின் காரில் ஏறுவது எல்லாவற்றிலும் ஆபத்து.

கே: (இன்னொருவர்) அவர் நண்பர் செய்தது சரிதான். என் மாமனாரும்…

மாமனார்கள் நலமாக இருக்கட்டும். அடுத்தது.

கே: வீட்டுக் காப்பீடு காட்டுத்தீக்குச் செல்லுமா?

காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள்.

கே: காற்று குளிர்ந்தால் தீ ஆபத்து முடிந்துவிடும்தானே?

முதல் பதிலைப் படியுங்கள்.